யாருக்கும் தெரியாத துவக்கு

லண்டன் தமிழ்க் குடும்பங்களில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் தாமதமாகத் தெரியவரும் செய்திகள் மட்டுமே உண்டு. நகரத்தின் கிழக்கே இல்ஃபோர்ட்டில் ஒருவர் புதுக் கார் பார்க்கப் போனால், அவர் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே தெற்கே டூட்டிங்கில் அதன் நிறம் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உருவாகியிருக்கும். இந்தச் சாதாரண உண்மை எனக்கு நாற்பதை நெருங்கும்போதுதான் உறைத்தது. அதுவும் ஒரு அரசாங்க அலுவலருக்கு முன்னால், உடைந்த சுவருக்குப் பக்கத்தில் நிற்கும்போது உறைத்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு காலம். நகரத்தில் ஒரு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. இல்ஃபோர்ட்டில் வரிசை வீடு. எல்லாம் இருந்தும் எனக்கென்று தனியாக எதுவும் இல்லை என்ற ஒரு குறை என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கோயில் திருவிழா, பிறந்தநாள், பெரியபிள்ளையானவர்களின் சாமத்திய வீடு, செத்தவர்களின் அந்தியேட்டி என்று என்னுடைய சனி ஞாயிறுகளை உறவினர்களுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அலுவலகத்தில் திங்கட்கிழமை காலையில் வெள்ளைக்காரர்கள் "நான் மீன் பிடிக்கப் போனேன்", "நான் படகு விட்டேன்" என்பார்கள். நான் மட்டும் "நாங்கள் போனோம்" என்பேன். (எங்கே போனோம் என்றுகூடச் சில வேளை எனக்குத் தெரிந்திருக்காது. வேனில் ஏறச் சொன்னார்கள், ஏறினேன்.)

அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் கிரஹாம். என் பக்கத்து மேசை. எசெக்ஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் அவர் உறுப்பினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் நாள் என்று என்னையும் கூட்டிப்போனார். வதனியிடம் அலுவலகத்தில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். வதனி என் மனைவி. நான் பொய் சொல்லும்போது என் காது அசையும் என்பது அவளுடைய கருத்து. அன்றைக்கு அசையவில்லை என்றே நினைத்தேன்.

கழகத்தில் கிரஹாம் என் கையில் தந்தது ஒரு லீவர் ரைபிள். எங்கள் சின்ன வயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் குதிரைக்காரர்கள் வைத்திருந்த அதே சாதி. விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெறுங்கோது வெளியே பாயும், மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். அந்தக் "கிளிக் கிளாக்" சத்தத்தை ஒரு முறை கேட்டேன், அவ்வளவுதான், மனிதன் முடிந்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நான் இடக்கையன். சாதாரண ரைபிள்களில் தோட்டா ஏற்றுகிற பூட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்; என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் கையைச் சுற்றி வளைத்துக் குரங்காட்டம் ஆட வேண்டும். லீவருக்கு இடம் வலம் என்ற பேதமே இல்லை. கத்தரிக்கோல் முதல் கல்யாணப் பந்தி வரைக்கும் என்னைத் திருத்திக்கொண்டே இருந்த உலகத்தில், முதன்முறையாக ஒரு சாமான் என்னை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டது. எனக்குக் கண் கலங்கியது. கிரஹாம் அதைப் புகை என்று நினைத்தார்.

கழகத்தில் சேர்ந்து, கழகத்துத் துவக்குகளில் பழகி (எங்கள் ஊர்க்காரருக்குத் துப்பாக்கி எப்போதும் துவக்குத்தான்), பயிற்சித் தவணை முடிந்து முழு உறுப்பினரும் ஆனேன். இனிச் சொந்தமாக ஒன்று. கிரஹாம் என்னை ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே என் ஆசைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. எனக்குக் குழலில் பெரிய துளை வேண்டும் என்றேன், குதிரைக்காரர்கள் வைத்திருந்த மாதிரி. கிரஹாம் என்னுடைய ஐந்தடி நான்கு அங்குலத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சின்னத் துளை, இருபத்திரண்டில் தொடங்கு. தோட்டா மலிவு, தோளும் மிஞ்சும்" என்றார். பெரிய வட்ட லீவர் வேண்டும் என்றேன். அது பனிக்காலத்தில் தடித்த கையுறை போடுகிறவனுக்கும் படத்தில் நடிக்கிறவனுக்கும் உரியது என்றார். மேலே நீளமான தொலைநோக்கி பூட்ட வேண்டும் என்றேன். சில லீவர்கள் வெறுங்கோதை நேராக மேலே எறியும், தொலைநோக்கி அதற்குக் குறுக்கே நிற்கும் என்று விளக்கி, பக்கவாட்டில் எறிகிற ஒன்றைத் தேடி எடுத்தார். அதற்கும் தொலைநோக்கி வேண்டாம், பின்னால் சின்னத் துளையுள்ள குறிகாட்டி போதும், அந்தத் துளைக்குள்ளால் பார்த்தால் கண் தானாகவே நடுவுக்கு வரும் என்றார். தோளில் வைக்கிற மரக்கட்டை எனக்கு ஒரு விரற்கடை நீளமாக இருந்தது. வெட்டிக் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். உரிமத்தோடு வரும்வரை அதை எனக்காக எடுத்து வைத்தார்.

நான் கேட்டதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை நடையில் வெளியே வந்தேன்.

இனி வதனிக்குச் சொல்ல வேண்டும். அவள் சட்டியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது, சத்தத்தோடு சத்தமாகச் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டினாள்.

"என்ன வாங்கப் போறியள்?"

"துவக்கு. விளையாட்டுக்கு."

"உங்களுக்கென்ன விசரே? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். லண்டனிலை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?"

கடதாசியைத்தான் சுடுவோம், உயிருள்ள எதையும் இல்லை என்று தொடங்கி, நான் இடக்கையன் என்பது வரைக்கும் வந்து நின்றேன். அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். ஆசையைக் கண்டிருக்க வேண்டும். "சரி. பொலிஸ் உரிமம் தந்தால் வாங்குங்கோ" என்று அடுப்பை மூட்டினாள்.

"அதுக்கு முதல் பொலிஸ் பகுதியிலை இருந்து ஒராள் வீட்டுக்கு வருவார். விசாரிக்க" என்றேன்.

வதனியின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அப்போது என் மூளையில் குறிகாட்டித் துளையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

விதிகளைக் கிரஹாம் சொல்லித் தந்தார். துவக்கைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரி வேண்டும். அதைச் செங்கல் சுவரில் அசையாமல் இறுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், வீட்டில் துவக்கு இருப்பதைக் கண்டவர் நின்றவருக்குச் சொல்லக் கூடாது; கள்வர்கள் காதுக்குப் போகும். இதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உறவினர்களிடமிருந்து ஒரு விஷயத்தை மறைக்கும்படி அரசாங்கமே எனக்குக் கட்டளையிடுகிறது! வதனியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது." அவள் "ஓம் ஓம்" என்று ஆமோதித்தாள். (இரண்டு முறை "ஓம்" சொன்னால் அது "ஓம்" இல்லை என்று கல்யாணமான அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.)

அலுமாரி வந்தது. வதனி தொலைபேசியில் டூட்டிங் குஞ்சியப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய தகப்பனாரின் தம்பி, மனையடி சாஸ்திரத்தில் குடும்பத்துக்கே அவர்தான் நீதிமன்றம். "ஒரு இரும்பு அலுமாரி குஞ்சியப்பா, நல்ல பாரம். எங்கை வைக்கிறது?" துவக்கு என்ற சொல்லே வரவில்லை. என்ன சாமர்த்தியம் என்று மனதுக்குள் மெச்சினேன். பாரமான இரும்பு கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

மாடியிலிருந்த சின்ன அறைதான் அதற்கு ஒதுக்கிய இடம். அந்த அறையின் செங்கல் சுவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன. தென்மேற்கில் இருந்தது வெறும் சுண்ணாம்பு அட்டைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் படுக்கையறை. தட்டிப் பார்த்தேன். பறை மாதிரிக் கேட்டது. வதனியிடம் சொன்னேன். "துவக்குக்கு நான் ஓம் எண்டு சொன்னனான். மூலைக்கு நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அட்டைச் சுவருக்கென்றே விற்கிற, உள்ளே போய்க் குடை மாதிரி விரிகிற ஆணிகளை வாங்கி வந்து, ஞாயிறு முழுக்க நின்று இறுக்கினேன். கடைசியில் அலுமாரி கம்பீரமாக நின்றது. காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினேன். (இரும்பு அலுமாரிக்குக் காற்றால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.)

அலுவலர் வருகிற நாள் காலையில் எழும்பியபோதே குசினியில் கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரிகிற மணம். எட்டிப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான அளவு குவிந்திருந்தது.

"ஒரு ஆள்தானப்பா வாறார்."

"வாற மனிசருக்குக் கணக்குப் பாத்தே குடுக்கிறது? போய்ப் பால் வாங்கிக்கொண்டு வாங்கோ. வரேக்கை அப்பிடியே வெத்திலையும்."

"பொலிசுக்கு வெத்திலையோ?"

"சாமிக்கு."

வெற்றிலை தேடி இரண்டு கடை ஏறி இறங்கி வந்தேன். வாசலில் எல்லாம் வழமை போலவே இருந்தது. எங்கள் இருவருடைய சப்பாத்துகளைத் தவிர ஒரு சப்பாத்து கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழர் வீட்டுக்குள் ஆள் இருப்பதை அறிய வாசலைப் பார்த்தால் போதும். நானும் பார்த்தேன். நம்பினேன்.

அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நரைத்த மீசை, பெரிய உடம்பு, மெதுவான குரல். ஓய்வு பெற்ற பொலிஸ்காரர் என்று தெரிந்தது. தேநீரும் ரோல்ஸும் எடுத்துக்கொண்டார். கேள்விகள் கேட்டார். ஏன் ரைபிள், எங்கே சுடுவாய், கோபம் வந்தால் என்ன செய்வாய். நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பதில்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். அப்போது மேலே யாரோ இருமியது போலக் கேட்டது.

"வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"ஹீட்டிங் பைப்" என்றாள் வதனி, சட்டென்று.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வி. "இந்த வீட்டில் ரைபிள் வரப்போகிறது என்பது யாருக்கெல்லாம் தெரியும்?"

இதற்காகத்தான் நான் பிறந்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, என் வாழ்நாளிலேயே சிறந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மனைவி, சிபாரிசு செய்த கழகத்து நண்பர்கள், நீங்கள். இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது, ஐயா. எங்கள் குடும்பத்தில் நாங்கள் இரகசியத்தை மிகவும் மதிப்பவர்கள்."

"நல்லது. அலுமாரியைப் பார்க்கலாமா?"

மாடிக்குப் போனோம். அலுமாரியைச் சுற்றிப் பார்த்தார். பூட்டைத் திறந்து மூடினார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். புருவம் உயர்ந்தது. "இது..." என்றபடி அலுமாரியை ஒரு கையால் மெல்ல இழுத்தார். அது மரியாதைக்குக் கொஞ்சம் முன்னால் சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அலுமாரி அவருடைய மார்போடு வந்து சேர்ந்தது. அதன் முதுகில் சுவரின் பெரிய துண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளைத் தூசி அடங்கியது. சுவர் இருந்த இடத்தில் என் படுக்கையறை தெரிந்தது. என் கட்டிலில், கட்டிலின் விளிம்பில், கதிரையில், நிலத்தில், பதினொரு பேர் இருந்தார்கள். கோயிலுக்குப் போகிற உடுப்பு. மடியில் ஒவ்வொருவரும் தங்கள் சப்பாத்தை வைத்திருந்தார்கள். ஓட்டைக்கு நேரே குஞ்சியப்பா, வாயில் பாதி ரோல்ஸ்.

அலுமாரியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்த அலுவலர்தான் முதலில் பேசினார். "காலை வணக்கம்."

குஞ்சியப்பா ரோல்ஸை விழுங்கினார். எழுந்து நின்றார். "காலை வணக்கம் சேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒருவரும் கேட்காமலே, "எங்களுக்கு ஒன்றும் தெரியாது சேர்" என்றார்.

அடுத்து நடந்ததை நான் இன்னும் கனவில் காண்கிறேன். பதினொரு பேரும் ஊர்ச் சோதனைச் சாவடிப் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டார்கள். பதினொரு பாஸ்போர்ட்கள் ஓட்டையை நோக்கி நீண்டன. பெரும்பாலும் பிரிட்டிஷ், இரண்டு டச்சு, ஒன்று பிரெஞ்சு. அலுவலரிடம் அவற்றை வாங்க மூன்றாவது கை இருக்கவில்லை.

என் காது மடல் சூடாகி, அது முகத்துக்கும் பரவியது. உரிமம் போச்சு. லீவர் போச்சு. திங்கட்கிழமை காலைகள் எல்லாம் போச்சு. வதனியை நோக்கித் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னப்பா இது?" என்றேன். அவள் அழுதுவிடுவாள் போல இருந்தது.

அலுவலர் அலுமாரியைக் கவனமாக நிலத்தில் வைத்தார். "யாராவது எனக்கு விளக்கினால் நல்லது" என்றார்.

குஞ்சியப்பா விளக்கினார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"குறை நினைக்காதையுங்கோ சேர். எங்கடை ஊரிலை ஒராளை விசாரிக்க எண்டு வந்தால், அந்த ஆளை நாங்கள் தனிய விடமாட்டம். நாலு சனம் பாத்துக்கொண்டு நிண்டால், கொண்டு போறதுக்கு யோசிப்பினம். இவளின்ரை தேப்பன், என்ரை அண்ணை. அவரையும் ஒரு நாள் காலமை விசாரிக்க எண்டுதான் வந்தவை. அண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் நிக்கேல்லை. பேந்து அவர் வரவேயில்லை. உங்களைப் பாத்தால் நல்ல மனிசராத்தான் தெரியுது. எண்டாலும் பிள்ளை டெலிபோன் பண்ணினாள். நாங்கள் வந்தனாங்கள்."

மாமனாரின் கதை எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டுச் சுவரில் அவருடைய படம் மாலையோடு இருந்தது. ஆனால் அந்தப் படத்துக்கும் என்னுடைய பொழுதுபோக்குக்கும் நடுவே வதனி எத்தனை நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. சுவர் விழுந்ததற்கான வெட்கம் அல்ல அது.

அலுவலர் வதனியைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, இன்றைக்கு இந்த வீட்டிலிருந்து நான் கழற்ற நினைத்தது அலுமாரியை மட்டும்தான்." அதற்குப் பிறகு ஓட்டைக்குள்ளால் கையை நீட்டினார். குஞ்சியப்பா பாஸ்போர்ட்டை நீட்ட, அவர் அதைத் தள்ளிவிட்டுத் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

என்னைத் தனியே அழைத்துக் கண்டிக்கவும் செய்தார். அட்டைச் சுவரில் இரும்பைத் தொங்கவிட்டது முதல் குற்றம். அதைவிட, பதினொரு பேருக்குத் தெரிந்த விஷயம் யாருக்கும் தெரியாது என்று சொன்னது.

"எனக்கே தெரியாது ஐயா" என்றேன்.

"அதைத்தான் நம்புகிறேன்" என்றார். "உங்கள் முகத்தைப் பார்த்தபோது, அவர்களில் யாரையும் உங்களுக்குத் தெரியாது என்றே முதலில் நினைத்தேன்."

அவர்கள் எல்லோரும் போன பிறகு, தூசியைக் கூட்டிக்கொண்டே வதனியிடம் சொன்னேன். "வேண்டாம் வதனி. விடுவம்."

அவள் விளக்குமாற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்கள் அதைக் கதைக்கேக்கை சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிக்கிறியள். எனக்கு அது பிடிக்கும். வாங்குங்கோ. ஆனா வீட்டிலை வேண்டாம். அங்கையே இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. கழகத்தில் பூட்டி வைக்கிற பாதுகாப்பறை இருந்தது. அதிகாரிகளும் அதற்குச் சம்மதித்தார்கள். உரிமம் வந்தது. கட்டை குறைத்த ரைபிளைக் கடையிலிருந்து நேரே கழகத்துக்குக் கொண்டுபோனேன். குறிகாட்டியைச் சரிப்படுத்த ஒரு முழுக் காலை பிடித்தது. முதல் மூன்று சூடும் இடப்பக்கம் தாழ்வாகப் போய் ஒன்றாய் விழுந்தன. ஒன்றாய் விழுந்தால் சுடுகிறவன் சரி, குறிகாட்டிதான் பிழை என்றார் கிரஹாம். பின்குறிகாட்டியை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் உயர்த்து, மறுபடி சுடு. மத்தியானத்துக்குள் கடதாசியின் கறுப்பு வட்டத்துக்குள் வந்து சேர்ந்தேன். அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து வதனியிடம் காட்டினேன். அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

அலுமாரியை ஈசானிய மூலையில் செங்கல் சுவரோடு இறுக்கினேன். இப்போது அதற்குள் வதனியின் நகைகள் இருக்கின்றன. சாஸ்திரப்படி அது பிழையான மூலை என்று குஞ்சியப்பா ஒவ்வொரு வருகையிலும் சொல்வார், அதைச் சொல்லும்போது சுவரை ஒரு தட்டுத் தட்டுவார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியத்துக்கு "அத்தான்ரை துவக்கு" என்று பெயர் வந்துவிட்டது. (அத்தான் நான்தான்.) ஒரு பெண் பிள்ளை ஒருவனோடு பழகுகிறாள் என்றால், "அது அத்தான்ரை துவக்கு" என்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளும் ஆங்கிலத்துக்கு நடுவே அதைச் சொல்கிறார்கள். துவக்கு என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

ஐந்து வருடம் கழித்து உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. இந்த முறை வந்தவர் வேறொருவர், இளைஞர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தார். கேள்விகளைக் கேட்டார். எல்லாம் ஒழுங்காகவே முடிந்தது. ஆனாலும் எழும்பாமல், கதவுப் பக்கம் ஒரு தடவை, மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். இன்றைக்கு மற்றவர்கள் வரவில்லையா?"

வதனி ஏற்கெனவே தொலைபேசியை எடுத்துவிட்டாள். டூட்டிங்கிலிருந்து வர ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும் என்று எச்சரித்தேன். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றார்.